அலுத்த கையின் கையெழுத்து

என் பெண்டாட்டிக்கு முகம் மனதில் தங்காது. எங்கள் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்ட என் சித்தப்பாவை அடுத்த மாதமே வாசலில் நிறுத்தி, "யாருங்க வேணும்?" என்று கேட்டவள். ஆனால் ஒரு கையெழுத்து ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் போதும், ஆயுசுக்கும் மறக்கமாட்டாள்.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருந்தோம். பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர், மடியில் படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். இவள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

"சார், நீங்க பாலிடெக்னிக்ல முதல்வரா இருந்தீங்களா?"

"ஆமாம்மா. என்கிட்ட படிச்சியா?"

"இல்ல சார். உங்களை இன்னைக்குத்தான் பாக்கறேன். உங்க கையெழுத்தைப் பதினோரு வருஷமாத் தெரியும்."

பெரியவர் தன் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். நான்தான் நடுவில் புகுந்து, பயப்பட ஒன்றுமில்லை சார், இவளுக்குச் சம்பளமே இதற்குத்தான் என்று விளக்கினேன்.

இந்த வேலையைப் பற்றிச் சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது. எனக்கே கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்துத்தான் புரிந்தது. நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். எனக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறேன். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர் தன் படிப்புச் சான்றிதழைக் காட்டுகிறார் என்று வையுங்கள். அந்த ஊர்க்காரனுக்கு நம் கல்லூரி எது, அதில் கையெழுத்துப் போட்ட முதல்வர் யார் என்று என்ன தெரியும்? அதனால், முதல்வர் போட்ட கையெழுத்து அசல்தான் என்று நம் அரசாங்க அலுவலகம் சான்றிதழின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும். நம் அலுவலகத்தின் கையெழுத்து அசல்தான் என்று அந்த நாட்டுத் தூதரகம் அதற்குக் கீழே முத்திரை குத்தும். அந்தக் கடைசி முத்திரை விழுந்தால்தான் அங்கே அது சான்றிதழ். விழாவிட்டால் வெறும் காகிதம்.

அசல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் மாதிரிக் கையெழுத்து அட்டை. ஒவ்வொரு கல்லூரி முதல்வரும் பதவிக்கு வந்ததும் ஓர் அட்டையில் மூன்று கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டும். அந்த அட்டைகளெல்லாம் என் பெண்டாட்டியின் அறையில் பதினாறு இரும்பு இழுப்பறைகளில் இருக்கின்றன. ஒரு ஜன்னல், ஒரு மேஜை, கைப்பிடி விரிசல் விட்டு நூல் சுற்றிய ஒரு பூதக்கண்ணாடி. சான்றிதழை இடதுபக்கம் வைப்பாள், அட்டையை வலதுபக்கம் வைப்பாள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். ஒத்துப்போனால் சான்றிதழின் பின்பக்க மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு சுழி போடுவாள். அந்தச் சுழி இருந்தால் பிரிவு அலுவலர் மறுபேச்சில்லாமல் பேனாவால் கையெழுத்துப் போட்டுவிடுவார். அப்புறம் அனுப்புகை மேஜையில் இருப்பவர் ரப்பரை எடுத்து அந்தச் சுழியை அழித்துவிடுவார். அசல் சான்றிதழில் வேண்டாத கோடு இருக்கக்கூடாதல்லவா. இருபத்தாறு வருஷம், லட்சக்கணக்கில் சுழி, ஒன்றுகூட மிச்சமில்லை.

எனக்கு இது வயிற்றெரிச்சலாக இருக்கும். "பாக்கறது நீ, பேரு அவருக்கா?" என்று கேட்டால், "அழிச்சா என்னங்க, பாத்தது பாத்ததுதானே," என்பாள். இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு என்ன சண்டை போடுவது?

அட்டைக்காரர்கள் எல்லாருக்கும் அவளிடம் பட்டப்பெயர் உண்டு. தூண்டில், சுருட்டைமுடி, குடைக்கம்பி என்று கையெழுத்தின் வளைவைப் பார்த்து வைத்த பெயர்கள். "இன்னைக்குத் தூண்டில் வந்துச்சுங்க. கொக்கி தளர்ந்துபோயிருக்கு. உடம்புக்கு முடியல போல," என்பாள். மூன்று மாதம் கழித்து, அந்த முதல்வர் நீண்ட விடுப்பில் போயிருக்கிறார் என்று கல்லூரியிலிருந்து கடிதம் வரும். அன்றைக்கு இவள் சரியாகச் சாப்பிடமாட்டாள்.

புதிதாகப் பதவிக்கு வருகிற முதல்வர்களுக்கு அவளே போன் செய்வாள். இது அவள் வேலையில்லை, யாரும் செய்யச் சொன்னதுமில்லை. "சார், மாதிரி அட்டையில காலையில வந்ததும் முதல் வேலையா கையெழுத்துப் போட்டுடாதீங்க. நாப்பது ஃபைல் முடிச்சிட்டு, கை அலுத்த பிறகு போடுங்க. அந்தக் கைதான் தினமும் வரப்போகுது," என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்வாள். பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் எல்லாம் மறுமுனையில் சரிம்மா, சரிம்மா என்பார்கள்.

அவளுடைய பிடிவாதம் வீட்டுக்குள்ளும் வந்தது. என் அக்கா மகனின் டிகிரி சான்றிதழ் அவள் மேஜைக்கு வந்தபோது, முதல்வரின் கையெழுத்து அட்டையோடு ஒத்துவரவில்லை. திருப்பிவிட்டாள். அக்கா போன் செய்தாள், நேரில் வந்தாள், கூடத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"நம்ம வீட்டுப் பையன்தானே? அவன் படிச்சது உண்மைன்னு உனக்குத் தெரியாதா?"

"பையன் உண்மைதான் அண்ணி. கையெழுத்து உண்மையான்னு எனக்குத் தெரியலையே."

நான் இரண்டு பக்கமும் அடிபட்டேன். விசாரித்துப் பார்த்தால், அந்த முதல்வர் படியில் விழுந்து வலதுகையில் கட்டுப் போட்டு, கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு விரலால் ஒரு மாதம் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இவள் அவரை அலுவலகத்துக்கே வரவழைத்தாள். மேஜை முன்னால் நிற்கவைத்து, வெள்ளைத்தாளில் ஐந்து தடவை போடச் சொன்னாள். போடும்போதே, "எந்தப் படியில சார் விழுந்தீங்க?" என்று பேச்சுக் கொடுத்தாள். வாய் பேசிக்கொண்டிருக்கும்போது கை தன்பாட்டுக்கு உண்மையை எழுதிவிடும் என்பது அவள் அனுபவம். ஐந்தையும் பார்த்த பிறகுதான் பென்சிலை எடுத்தாள். பையன் ஒரு வாரம் தாமதமாகப் போனான். போன இடத்தில் நன்றாகவே இருக்கிறான். அக்கா எட்டு மாதம் எங்களோடு பேசவில்லை. 'கையெழுத்துக்காரி' என்று பெயர் வைத்தது அவள்தான். திட்டுவதற்காக வைத்தாள், அதுவே வீட்டில் நிலைத்துவிட்டது.

போன வருஷம் பிரிவு அலுவலர் ஓய்வுபெற்றார். அந்த நாற்காலி இவளுக்கு வந்தது. இனிமேல் பென்சில் இல்லை, பேனா. சேதி தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வேனில் வந்த குழந்தைகள் அத்தனை பேருக்கும் மிட்டாய் கொடுத்து, ஒரு குழந்தையின் அம்மாவிடம் திட்டும் வாங்கினேன்.

நாற்பத்தோரு தூதரகங்களுக்கு இப்போது இவளுடைய மாதிரி அட்டை போகவேண்டும். அப்போதுதான் ஒரு சங்கதி தெரிந்தது: ஊரார் கையெழுத்தையெல்லாம் எடைபோட்டவளுக்குச் சொந்தமாக ஒரு கையெழுத்து இல்லை. சம்பளப் பதிவேட்டில் போடும் கிறுக்கல் ஒன்று, பென்சில் சுழி ஒன்று, அவ்வளவுதான் சொத்து. ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, என் பழைய டிரிப் ஷீட்டுகளின் முதுகில் எழுதி எழுதிப் பார்த்தாள். கடைசியில் முழுப்பெயரையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி, அடியில் நேராக ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி வைத்தாள்.

"இதுதாம்மா ஆபீசர் கையெழுத்து. இதையே வெச்சுக்க," என்றேன். நான்தான் சொன்னேன், என் வாயால்.

நான்கு நாள் அட்டை எழுதினாள். ஒரு நாளைக்குப் பத்துப் பதினோரு அட்டை, அதுவும் காலையில் போனதும் முதல் வேலையாக, மேஜையைத் துடைத்து, புதுப் பேனாவால். கை கொஞ்சம் அலுத்தால் நிறுத்திவிடுவாளாம், கோடு கோணக்கூடாதென்று. ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்ன புத்திமதி அவளுக்கே அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. எனக்கு வந்ததா என்றால், எனக்கு அந்தக் கோடும் இரண்டு புள்ளியும்தான் கண்ணில் நின்றன.

வேலை தொடங்கிய மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. அவள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அலுவலகம் போயிருந்தேன். மேஜை முன்னால் ஒரு நெட்டைப் பெண் நின்றிருந்தாள். நர்ஸ். கையில் பிரித்த உறை.

"மேடம், உங்க கையெழுத்தை ஒத்துக்க முடியாதுன்னு தூதரகத்துல திருப்பிட்டாங்க."

உறைக்குள் அவளுடைய நர்சிங் சான்றிதழ். அதோடு குத்தியிருந்த சீட்டில், 'கையெழுத்து மாதிரியுடன் ஒத்துவரவில்லை' என்று எழுதியிருந்தது. இருபத்தாறு வருஷமாக இவள் மற்றவர்களுக்கு எழுதி அனுப்பிய அதே வாசகம்.

நர்ஸ் குரலை உயர்த்தவில்லை. "வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள தூதரக முத்திரையோட ஏஜென்சியில குடுக்கணும் மேடம். இல்லைன்னா அந்த இடம் லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குப் போயிடும். நான் இங்க வேலையை விட்டுட்டேன். ஹாஸ்டல்ல என் கட்டிலையும் வேற பொண்ணுக்குக் குடுத்துட்டாங்க. ஏழு வருஷம் ராத்திரி ஷிஃப்ட் பாத்துட்டு இதுக்காகப் பரீட்சை எழுதினேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எந்தக் கண்ணு தெரியாத ஆளு திருப்பினது?" என்றேன். என் பெண்டாட்டி தன் அட்டையின் அலுவலகப் பிரதியை எடுத்துவரச் சொன்னாள். சான்றிதழை இடதுபக்கம் வைத்தாள், அட்டையை வலதுபக்கம் வைத்தாள், நூல் சுற்றிய பூதக்கண்ணாடியை எடுத்தாள். தன் கையெழுத்தை, அடுத்தவர் கையெழுத்தைப் பார்க்கிற மாதிரியே பார்த்தாள். அட்டையில் முழுப்பெயர், நேர்கோடு, இரண்டு புள்ளி. சான்றிதழில் பெயரின் முதல் பாதிதான் இருந்தது. மீதிப் பாதி ஒரே நெளிவாகப் போய், கோடு சாய்ந்து, புள்ளிகளைக் காணோம். ஒரு நாளைக்கு இருநூறு காகிதம் போடுகிற கை அது.

"சரியாத்தான் திருப்பியிருக்காங்க," என்றாள். "நானா இருந்தாலும் திருப்பியிருப்பேன்."

அவளுடைய பழைய இடத்துக்கு வந்திருந்த உதவியாளர் மெல்ல வாயைத் திறந்தார். "மேடம், இதுக்கு ஏன் கவலைப்படறீங்க? அட்டையைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, அதே மாதிரி நிதானமா இன்னொரு கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திடலாம். உங்க கையெழுத்துதானே."

நர்ஸ் முகத்தில் உயிர் வந்தது. "அதானே," என்றேன் நானும். என் பெண்டாட்டி பேனாவின் மூடியைத் திறந்தாள். அட்டையைப் பார்த்தாள். மூடியைத் திரும்பப் போட்டாள்.

"பாத்து எழுதினா அது கையெழுத்து இல்ல, படம். வேற யாராவது அப்படி வரைஞ்சு அனுப்பினா நான் விடுவேனா?"

வேறு வழிகளையும் அலசினார்கள். இது என் கையெழுத்துதான் என்று ஒரு கடிதம் கொடுக்கலாமென்றால், அந்தக் கடிதத்திலும் இவள்தான் கையெழுத்துப் போடவேண்டும். அந்தக் கையெழுத்தைத்தானே அவர்கள் நம்பவில்லை. இவளுக்கு மேலே இருக்கும் இயக்குநர் போடலாம், அவரோ அடுத்த திங்கட்கிழமைவரை வெளியூரில். புது அட்டை எழுதித் தபாலில் அனுப்பினால் போய்ச் சேர்ந்து பதிவாகப் பத்து நாள். நர்ஸுக்கு இருந்ததோ இரண்டு நாள்.

"அப்ப நானே நேர்ல போறேன்," என்றாள் என் பெண்டாட்டி.

உதவியாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரிவு அலுவலர் போய்ப் பொதுஜன வரிசையில் நிற்பதா? "முதல்வரை நான் நிக்கவெச்சேன் இல்ல?" என்றாள் அவள்.

புதன்கிழமை காலை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அதே வேனில் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டேன். குழந்தைகள் உட்காரும் இருக்கையில் நர்ஸின் முழங்கால் முகவாய்க்கு வந்துவிட்டது. பாதி வழியில் அவள் கேட்டாள்: "அங்கயும் ஒத்துக்கலைன்னா மேடம்?"

"தப்பு என்னோடது. சமாதானம் சொல்லமாட்டேன்," என்றாள் என் பெண்டாட்டி. எனக்கு அந்த இடத்தில் ஏதாவது ஆறுதலாகச் சொல்லேன் என்று கத்தவேண்டும்போல் இருந்தது. ஆனால் அந்தப் பெண் அதற்குப் பிறகுதான் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாள்.

தூதரகத்தில் அறுபத்துமூன்றாம் நம்பர் டோக்கன். தரையோடு திருகிப் பூட்டிய நாற்காலிகள், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நான்கு ஜன்னல்கள். நான் காவலாளியிடம் போய், வந்திருக்கிறது யார் தெரியுமா என்று ஆரம்பிக்கப் போனேன். என் பெண்டாட்டி பார்த்த பார்வையில் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். மூன்றாம் ஜன்னலில் நம்பர் எரிந்தது.

உள்ளே முடியைக் குட்டையாக வெட்டிய ஓர் அம்மாள், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பூதக்கண்ணாடி. சான்றிதழைத் திருப்பிப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார்.

"இதை ஒத்துவரலைன்னு அனுப்பிட்டோமே. அதே கையெழுத்தோட மறுபடி எதுக்குக் கொண்டுவந்தீங்க?"

"கையெழுத்தை மாத்தலைங்க. கையெழுத்துக்காரியைக் கூட்டிட்டு வந்திருக்கேன். நான்தான்." என் பெண்டாட்டி தன் அடையாள அட்டையை ஜன்னலின் இடுக்கு வழியாக உள்ளே தள்ளினாள்.

அந்த அம்மாள் படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். ஒரு வெள்ளைத்தாளை வெளியே தள்ளினார். "அஞ்சு போடுங்க."

ஜன்னலுக்கு வெளியே நாற்காலி கிடையாது. என் பெண்டாட்டி நின்றபடியே போட்டாள். முதல் கையெழுத்து முழுப்பெயராக வந்தது, நேர்கோடும் புள்ளியுமாக. பயந்த கை. இரண்டாவதும் அப்படியே வந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை பேப்பர் வரும் உங்களுக்கு?" என்று உள்ளேயிருந்து கேள்வி வந்தது.

"இருநூறுங்க. திங்கக்கிழமைன்னா இருநூத்தம்பது."

"எல்லாம் நீங்க ஒருத்தரேவா?"

என் பெண்டாட்டி பேனாவை நிறுத்தி நிமிர்ந்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "நானும் இப்படித்தாங்க பேச்சுக் குடுப்பேன்."

"தெரியுது. எழுதுங்க," என்றார் அந்த அம்மாள். ஐந்தும் முடிந்ததும் தாளைத் திருப்பிவைத்தார். "இன்னும் அஞ்சு. மணி மூணாச்சு, இன்னும் எண்பது பேப்பர் பாக்கின்னு நெனச்சுக்கங்க."

ஆறாவதில் ஒரு புள்ளி போனது. ஏழாவதில் கோடு சாய்ந்தது. எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் நர்ஸின் சான்றிதழில் இருந்த அதே நெளிவு, அதே சாய்வு. நான் கண்ணாடி போடாமலே பார்த்தேன். அந்த அம்மாள் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார், பிறகு தாளை எடுத்துக்கொண்டு உள்ளே இருந்த அதிகாரியிடம் போனார். நர்ஸ் என் பெண்டாட்டியின் வலதுகையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. திரும்பி வந்த அம்மாள் புது அட்டை ஒன்றைத் தள்ளினார். "இதுல மூணு. இதே கையால போடுங்க."

போட்டாள். பழைய அட்டையைக் கொண்டுவந்து, மூலைக்கு மூலை சிவப்பு மையால் அடித்தார்கள். "எவ்வளவு அழகா எழுதியிருந்தா," என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அழகாத்தான் இருந்துச்சு," என்றார் அந்த அம்மாள். "ஆனா அது வேலை செய்யற கை இல்ல."

அப்புறம் முத்திரை விழுந்தது. கனமான இரும்பு முத்திரை, சத்தம் எனக்கு நெஞ்சில் கேட்டது. நர்ஸ் சான்றிதழை வாங்கிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். முத்திரைக்கு மேலே, கோடு சாய்ந்து, புள்ளியில்லாமல், என் பெண்டாட்டியின் அலுத்த கையெழுத்து. வியாழக்கிழமை வரைகூடப் போகவில்லை, புதன்கிழமை மதியமே ஏஜென்சி வாசலில் அந்தப் பெண்ணை இறக்கிவிட்டேன். பன்னிரண்டாம் நாள் விமானம் ஏறினாள். ஏதோ ஒரு தேசத்தின் ஆஸ்பத்திரி ஃபைலில் அந்தக் காகிதம் இப்போது இருக்கிறது. அதை ரப்பர் வைத்து யாரும் அழிக்கமுடியாது. இதை நினைத்தாலே எனக்குக் கண் கலங்கிவிடும். வேன் ஓட்டுகிறவன் அழக்கூடாது என்று சட்டம் ஒன்றுமில்லை.

மீதி நாற்பது அட்டைகளையும் அவள் திரும்ப எழுதினாள். இந்த முறை சாயங்காலம், அன்றைய இருநூறையும் முடித்த பிறகு. நான் ஒரு வார்த்தை கருத்துச் சொல்லவில்லை.

விஷயம் எப்படியோ என் அக்காவின் காதுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அக்கா வாய்கொள்ளாமல் சிரிப்பது எனக்கும் கேட்டது.

"ஏம்மா கையெழுத்துக்காரி, உன் கையெழுத்தையே திருப்பிட்டாங்களாமே? அன்னைக்கு அந்த முதல்வரைப் பண்ண மாதிரி உன்னையும் நிக்கவெச்சு அஞ்சு தடவை போடச் சொன்னாங்களாமே?"

என் பெண்டாட்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பரிசு வாங்கியதைச் சொல்கிற குரலில் சொன்னாள்:

"அஞ்சு இல்ல அண்ணி. பத்து."